மஞ்சள் பூசிய கிறிஸ்துமஸ் மரம்

பட்டணத்தில் வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்குப் போடுகிற வைபவத்துக்கு நான் நேரில் போயிருக்கிறேன் என்று சொன்னால், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் நம்புவதில்லை. போனது சத்தியம். பார்த்தேனா என்று கேட்டால்தான் கொஞ்சம் இடிக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. யுத்தம் வரவில்லை, ஆவடிக்குப் பட்டாளமும் வரவில்லை. வெள்ளானூரில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சையும் ஏரிக்கு மேற்கே ஒரு சவுக்குத் தோப்பும் இருந்தன. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு நெல்லைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, யார் போட்டாலும் விளையும் என்பார். சவுக்குதான் அவருடைய செல்லம். அவர் வெட்டிக் கிளை கழித்து அடுக்கி வைத்த மரங்களில் ஒன்றிலாவது கோணல் கண்டுபிடிக்க முடியாது. கொத்தனார்களும் பந்தல்காரர்களும் அம்பத்தூரிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். வந்தவர்களிடம் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டாமல் அவர் அனுப்பியதில்லை. தட்டுகிற சத்தத்தில் அவர்களுக்கு என்ன தெரிந்ததோ, எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டணத்தில் துரைமார்கள் மாலையில் உலாவ வருகிற ஒரு பெரிய தோட்டத்தில் தோட்டக்காரராக இருந்தார். மூன்று வருஷமாக வேலை தற்காலிகம்தான். சென்னீர்குப்பத்தில் அவருக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். மாமாவுக்கு அந்தப் பெண்ணின்மேல் உயிர். பெண்ணைப் பெற்றவரோ, வேலை நிரந்தரமானால் தாம்பூலம் மாற்றலாம், தை பிறந்தும் ஆகவில்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று நறுக்கென்று சொல்லிவிட்டார். மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். அம்மா சோறு வடிக்கும்போதுகூடத் தம்பியை நினைத்துப் பெருமூச்சு விடுவாள்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். வருஷா வருஷம் மலையிலிருந்து ரயிலில் வருகிற பண்டிகை மரம் அந்த வருஷம் வராதாம். தோட்டத்துத் துரை கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவர் முந்திக்கொண்டு, எங்கள் ஊரில் நல்ல மரம் இருக்கிறது, நான் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா புருஷன் என்பதால் அவர் நைனாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். நைனா அவரை மச்சான் என்பார்.

"இருவத்தஞ்சு அடி இருக்கணும் மாமா. கோணல் மாணல் ஆவாது. நட்ட நடுவுல நிறுத்தி வெளக்கெல்லாம் கட்டுவாங்கோ. பெரிய தொரையோட சம்சாரமே வந்து ஏத்தப்போறாங்க. இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுதுன்னா வேலைய பர்மனெண்ட் பண்றேன்னு எங்க தொரை சொல்லிக்கீறாரு."

"பண்டிகைக்கு நடற மரமா?" என்றார் நைனா. "கவலைய வுடு மச்சான். சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணத்துக்கும் பந்தக்கால் நம்ம தோப்புலேந்துதான் போவுது. வெள்ளைக்காரன் இன்னா, மூக்குமேல வெரல் வெக்கணும்."

மாமா ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். மரத்தின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள், நேர்த்தியைப் பற்றிப் பேசினார்கள். இலையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பண்டிகை மரமென்றால் இலையோடுதான் இருக்கும் என்று மாமா நினைத்தார். பண்டிகைக்கு நடுகிற மரமென்றால் கழித்துத்தான் கொடுக்கவேண்டும் என்று நைனா நினைத்தார். இதையெல்லாம் ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்வானா?

எனக்கு மட்டும் தெரியும். அதுதான் நான் செய்த பாவம். ஆவடிப் பக்கம் நான் நடந்து போய்ப் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில், டீச்சர் ஒரு வாழ்த்து அட்டையைக் காட்டியிருந்தார். அதில் பச்சைப்பசேலென்று ஒரு மரம், அடியில் அகலமாக ஆரம்பித்து மேலே போகப் போகக் குறுகி, உடம்பே தெரியாமல் இலையாக இருந்தது. இலைகளுக்கு நடுவில்தான் மெழுகுவத்திகள். கிறிஸ்துமஸ் மரம் என்றால் இதுதான் என்று டீச்சர் சொன்னது என் காதில் இருந்தது.

வண்டி புறப்படுவதற்கு முதல்நாள் காலை நைனா தோப்பில் நல்ல நேரம் பார்த்து மரத்தின் காலடியில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். தோப்பிலேயே அதுதான் மூத்த மரம். கோடாலி போட்டுச் சாய்த்ததும், தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தார். எனக்குச் சொரேர் என்றது.

"நைனா, அந்த மரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"மரம் வெட்ற எடத்துல பொட்டப்புள்ளைக்கு இன்னா பேச்சு? தள்ளிப் போ" என்று ஒரு அதட்டல் போட்டார். கோடாலி பிடித்திருக்கும்போது அவர் யாரையும் பேசவிட மாட்டார். அடுத்த கிளை விழுந்தது. அதற்கடுத்த கிளையும் விழுந்தது. நுனியையும் வெட்டியெறிந்தார். மத்தியானத்துக்குள் மரம் வழுவழுவென்று ஒரு கம்பமாகிவிட்டது. கழித்த இலையும் மிளாறும் எங்கள் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

சாயங்காலம் அம்மா அந்தக் கம்பத்துக்கு அடியிலிருந்து நுனிவரை மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள். நுனியில் மாவிலைக் கொத்துக் கட்டினாள். தம்பியின் கல்யாணத்துக்கே பந்தக்கால் போடுகிற மாதிரி அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. நான் பக்கத்தில் போய், "எம்மா, ஒண்ணு சொல்லட்டா?" என்றேன். நான் வண்டியில் கூடப் போகப்போகிறேன் என்பதில் அம்மாவுக்குக் காலையிலிருந்தே கடுப்பு. "வாயத் தொறந்தே, நாளைக்கு ஊட்லயே கெட. சகுனத்த கெடுக்காத" என்றாள்.

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டேன். என்னைப் பேசவிடவில்லை என்று அப்போது என் மனத்துக்கு நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. சொல்லிவிட்டால் வேறு மரம் வெட்டவேண்டும், வெட்டி ஏற்றினால் நேரமாகிவிடும், நேரமானால் நைனா என்னை விட்டுவிட்டு ராவோடு ராவாகக் கிளம்பிவிடுவார். எனக்கு அந்த விளக்குகளைப் பார்க்கவேண்டும். என் ஆசைக்கு முன்னால் மாமாவின் கல்யாணம் அன்றைக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

முதல் கோழி கூவியபோது கிளம்பினோம். வண்டியைவிட மரம் நீளம். பின்னால் துருத்திக்கொண்டிருந்த நுனியில் நைனா ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். நான் மஞ்சள் மரத்தின்மேலேயே உட்கார்ந்து வந்தேன். என் பாவாடையெல்லாம் மஞ்சள்.

பொழுது விடிந்தது. ஆவடி வந்தது. இப்போது சொன்னால்கூடத் திரும்பிப்போய் இன்னொரு மரம் வெட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. திருமுல்லைவாயில் தாண்டியது. மாட்டை விரட்டி ஓட்டினால் இன்னும் முடியும். சொல்லவில்லை. வழியில் பார்த்தவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி, யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரித்தார்கள். "தொரை ஊட்லபா" என்று நைனா சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோனார். அம்பத்தூரில் ஒரு தெரிந்தவர் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நேரு, இன்னா நேரு!" என்று அதிசயப்பட்டார். எனக்கு அழுகை வந்தது.

"ஏன் உம்முனு வரே? பசிக்கிதா?" என்று நைனா திரும்பிக் கேட்டார். இல்லை என்றேன். கொரட்டூர் ஏரிக்கரையில் மறுபடி கேட்டார்: "ஒடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னான்னு சொல்லு கண்ணு." அவர் குரலில் அதட்டல் இல்லை. கோடாலியும் கையில் இல்லை. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். இனிமேல் திரும்பவும் முடியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வில்லிவாக்கம் வரும்போது தீர்மானித்துவிட்டேன். அதற்குப் பிறகு பயம் ஒன்றுதான் மிச்சம்.

உச்சி வெயிலில் தோட்டத்தின் பின்வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்ச் சாலையைப் பார்த்தார்.

"மரம் பின்னால வருதா மாமா?"

"இன்னா மச்சான், இதோ கீதே" என்று நைனா மரத்தைத் தட்டிக் காட்டினார்.

"எலை?"

"எலைய ஏண்டா இங்க கொண்ணாறது? ஊட்ல அடுப்புக்குப் போட்டாச்சு."

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை, திட்டவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "போச்சு. எல்லாம் போச்சு. எலையோடதான் மாமா மரம், எலைதான் மாமா மரமே" என்று முனகினார். நைனா முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நான் மாட்டின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். வயசானவர், வாய் நிறைய வெற்றிலை. சத்தம் கேட்டு வந்து, மஞ்சளும் குங்குமமும் மாவிலையுமாகக் கிடந்த மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் தொரைக்கா, உனுக்கா?" என்று மாமாவைக் கேட்டார். பிறகு, "நாலு மணிக்கு தொரை பாக்க வருவாரு. அதுக்குள்ள இத எங்கனா கொண்டுபோயி மறைச்சிட்டு, நீயும் ஊர் போயிச் சேரு" என்றார்.

நைனாவின் கண் தோட்டத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. பின்புறச் சுவரையொட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பச்சை வேலி. நைனா நடந்துபோய் அதன் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"மச்சான், இது நம்ம சவுக்குதானே?"

"ஆமா. கத்திரிச்சு வேலியா வுட்டுக்கீறாங்கோ. அதுல கைய வெச்சா தொரை என்னை உரிச்சிடுவாரு மாமா."

"இந்தாண்ட வெக்காத. செவுத்தோரமா, அந்தாண்ட பக்கம் வெட்டு. முன்னாலேந்து பாத்தா தெரியாது."

இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார். "நான் சாப்டப் போறேன். வயசாச்சு, எனுக்குக் கண்ணும் சரியாத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். இன்றைக்கும் அந்த மனுஷருக்கு மனசால் ஒரு கும்பிடு போடுகிறேன்.

புல்வெளி நடுவில் முன்னாலேயே குழி வெட்டியிருந்தார்கள். மரத்தை அதில் நிறுத்திக் கல் போட்டு இறுக்கினார்கள். மாவிலையை மட்டும் அவிழ்த்தார்கள், மஞ்சளைக் கழுவ நேரமில்லை. மாமா வேலியின் பின்பக்கம் நுழைந்து வெட்டித் தள்ள, இன்னும் இரண்டு தோட்டக்காரர்கள் அள்ளிக்கொண்டு வர, நைனா கட்ட ஆரம்பித்தார். கூரை வேய்கிற கணக்குதான். கீழே நீளக் கிளைகள், மேலே போகப் போகக் குட்டை. ஒரு வரிசையின் காம்பை அடுத்த வரிசையின் இலை மூடிக்கொள்ளும். நான் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கயிறு சுற்றிக் கொடுத்தேன். விரலெல்லாம் பச்சைச் சாறு ஒட்டிப் பிசுபிசுத்தது. நேரம் என்ன, நேரம் என்ன என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். யாரிடமும் கடியாரம் இல்லை. நிழல் நீள நீள அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

அந்த மூன்று மணி நேரம் நான் வேண்டாத தெய்வமில்லை. எல்லம்மனை வேண்டினேன். துரைமார் பண்டிகை என்பதால் பள்ளிக்கூடத்து ஏசுவையும் வேண்டினேன். இது மட்டும் நின்றுவிட்டால் இனி எதையும் மறைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

துரை வந்தபோது முக்கால் மரம் பச்சையாகியிருந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கிட்டே போய் ஒரு கிளையை இழுத்துப் பார்த்தார். மாமா எச்சில் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கிளை வரவில்லை. நைனாவின் முடிச்சு. துரை ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி வந்து, "இவ்ளோ அடர்த்தியா ஒரு மரத்த இந்த நாட்ல பாத்ததில்லையாம்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் கரெண்டு ஆட்கள் வந்து சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பல்புச் சரங்களைச் சுற்றினார்கள். எனக்கு ஆசை தாங்காமல் ஒரு பல்பைத் தொடப் போனேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். "ஒயர்ல கை பட்டா ஆள் அப்டியே கருகிடுவான், தெரியுமா? போன வருசம் ஒரு காக்கா செத்துது" என்றார்.

கடைசியாக நுனியில் வைக்கவேண்டிய தகர நட்சத்திரம் மிச்சமிருந்தது. அதைக் கட்டி முடித்தபோது கடற்காற்று எழும்பிவிட்டது. நட்சத்திரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. "நான் பாத்துக்கறேன்" என்று நைனா ஏணியில் ஏறினார். ஏணி முக்கால் உயரம்தான் எட்டியது. அதற்குமேல் கிளைக்குள் புகுந்து மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் ஏறவேண்டும். இடுப்பு வேட்டி சவுக்கு இலையில் மாட்டி இழுத்தது. அவிழ்த்துச் சுருட்டி, "புடி" என்று என்னிடம் போட்டுவிட்டு, கோவணத்தோடு உள்ளே மறைந்தார். நட்சத்திரம் இரண்டு தரம் ஆடி, நிமிர்ந்து நின்றது.

அதே நேரம் முன்வாசலில் மோட்டார் வண்டிகளின் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மேஸ்திரி பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து, "ஏணிய எடு, ஏணிய எடு!" என்றார். இரண்டு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடியே விட்டார்கள். மாமா மரத்தடியில் போய்க் கிளைக்குள் வாயை வைத்து, "மாமா, எறங்காத! தொரைசானிங்கோ வந்துட்டாங்கோ, கோவணத்தோட எறங்காத! அப்டியே இரு!" என்றார். உள்ளேயிருந்து நைனாவின் குரல், "எவ்ளோ நேரம்டா?" என்று கேட்டது. பதில் சொல்ல மாமா அங்கே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலைக்காரர்கள் நிற்கிற கயிற்றுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

பேண்டு வாசித்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கவுனும் தொப்பியுமாக வரிசையில் வந்து பாடினார்கள். ஒரு பாதிரியார் ரொம்ப நேரம் ஜெபம் செய்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் மூடவில்லை. வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தின் மேல்பாதியையே பார்த்தேன். பதினெட்டு அடி உயரத்தில் இரண்டு கிளைக்கு நடுவே நைனாவின் ஒரு உள்ளங்கால் தெரிந்தது. மஞ்சள் ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி ஒயர்.

பெரிய துரையின் சம்சாரம் வெள்ளைக் கையுறை போட்ட கையைச் சுவிட்சின்மேல் வைத்தார். அப்போதுதான் எனக்குக் காக்காய் ஞாபகம் வந்தது. இவர் அமுக்கினால் நைனா கருகிவிடுவார். கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மரத்தைப் பார்ப்பார்கள், கோவணத்தோடு நைனாவை இறக்குவார்கள், மாமாவை விரட்டுவார்கள். கத்தாவிட்டால் நைனா போய்விடுவார். எல்லாம் நேற்று நான் ஒரு வார்த்தை சொல்லாததால். இப்போது நிஜமாகவே சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

விளக்கு எரிந்தது. ஓவென்று சத்தமும் கைதட்டலும். மரம் முழுக்க நிறம் நிறமாக ஜொலித்ததாம். பட்டணத்தில் அதற்குமுன் அப்படி ஒரு மரம் நின்றதில்லையாம். பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்த உள்ளங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. கால் அசையவில்லை. ஒரு பாட்டுப் பாடி முடித்தார்கள், அப்போதும் அசையவில்லை. அடுத்த பாட்டு நடுவில் பெருவிரல் மெதுவாக வளைந்து, இன்னொரு விரலைச் சொறிந்தது.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு துரைசானி திரும்பிப் பார்த்து, விளக்கின் அழகில் குழந்தை உருகிவிட்டது என்று நினைத்தார்போலும். கன்னத்தைத் தட்டி ஒரு ஆரஞ்சு கொடுத்தார். மாமா எனக்கும் சேர்த்து அவருக்குச் சலாம் போட்டார்.

கூட்டம் கலைந்து நைனா இறங்கியபோது அவர் உடம்பெல்லாம் தடித்திருந்தது. வேலியோடு வந்த எறும்புகள் அத்தனையும் ஒரு மணி நேரம் அவரைத்தான் தின்றிருக்கின்றன. வேட்டியைக் கட்டிக்கொண்டே, "வெளக்கு எப்டி இருந்துச்சு? உள்ள இருந்துக்கினு எனுக்கு ஒண்ணும் தெரியல, கண்ணுதான் கூசுது" என்று என்னைக் கேட்டார். நல்லா இருந்துச்சு நைனா என்றேன். மாமா அவர் காலில் விழப்போனார். நைனா, எறும்பு கடித்த இடத்தைத் தொடாதே என்று தள்ளிப் போனார். மாமாவின் வேலை அந்த மாதமே நிரந்தரமானது. தை பிறந்து தாம்பூலமும் மாற்றினார்கள். அது நல்லபடியாகத்தான் முடிந்தது.

அன்றிரவு மாமாவின் கொட்டகையில் தூங்கிவிட்டு, மறுநாள் காலை வெறும் வண்டியில் திரும்பினோம். கொரட்டூர் ஏரிக்கரையில் நைனா மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நேத்து உங்க மாமன் எலை எங்கேன்னு கேட்டப்போ நானும் முழிச்சேன், அவனும் முழிச்சான். நீ மட்டும் தலைய குனிஞ்சிக்கினே."

நான் மடியிலிருந்த ஆரஞ்சை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"மரம் வெட்டக்குள்ள நீ இன்னாவோ சொல்ல வந்தே. நான்தான் அதட்டி வெச்சேன். என் தப்புதான்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆமாம், நான் சொல்ல வந்தேன், நீங்கள்தான் விடவில்லை என்பதுபோல் மெதுவாகத் தலையாட்டி வைத்தேன். அதே ஏரிக்கரையில் முதல்நாள், இன்னான்னு சொல்லு கண்ணு என்று அவர் கேட்டதை இருவரும் எடுக்கவில்லை. அவர் மாடுகளைப் பூட்டினார். நான் வண்டியில் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தேன்.

அங்கிருந்து அம்பத்தூர் வரைக்கும் நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு இல்லை, மாட்டைக்கூட விரட்டவில்லை. வண்டி என்றைக்கும் இல்லாமல் மெதுவாகப் போயிற்று. ஒருதரம் தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார். பாவம், ராத்திரி எறும்புக்கடியில் தூக்கமில்லை, தூங்கிவழிகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அம்பத்தூர் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹை" என்று மாட்டைத் தட்டினார்.

பல வருஷம் கழித்து என் மகள், அவளும் பத்து வயசுக்காரிதான், எனக்குத் தெரிந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு என் எதிரே தலை குனிந்து நின்றாள். என் தப்புதான் கண்ணு என்று சொல்லிவிட்டு, அவளாகச் சொல்லட்டும் என்று அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நானும் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முறத்தில் கல்லே இல்லை. நைனா அன்றைக்கு அம்பத்தூர் வரைக்கும் தூங்கிவழியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் போய்ச் சேர்ந்து அதற்குள் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.